நெற்றியில் எண்ணெய், வாயில் மாத்திரை

டேனி,

இங்கே எல்லாரும் சுகம், நீங்களும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று எழுதித் தொடங்கத்தான் ஆசை. ஆனால் நீ சுகமாக இருக்கிறாயா இல்லையா என்று தெரியாமல்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். உன் அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே எலுமிச்சை ஊறுகாய் இருக்கும், உப்பைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். லிங்கராஜபுரத்திலிருந்து சர்ஜாபூர் ரோட்டுக்கு அந்த மனிதரை பஸ் மாறி பஸ் ஏற்றி எதற்கு அலைய விடுகிறீர்கள், போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன்னிடம் எதைச் சொன்னாலும் ‘சரி மம்மி, ஓகே மம்மி’ என்பாய். பின்னால் நீ கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் கடிதம். உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டோம். தமிழை நீ சர்ச் பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்ததோடு சரி. என் மருமகள் எஸ்தர் ஆம்பூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் சத்தமாகப் படிக்கட்டும், நீ எதிரில் உட்கார்ந்து கேள். டிவியை அணைத்துவிடு. நடுவில் எழுந்து போகாதே. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு அப்புறம் என்னோடு சண்டை போடு.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் நேராக என் சமையலறைக்குள் போனாய். பாமாயில் பாக்கெட், கேக் போடுவதற்கு வைத்திருந்த டால்டா, அப்பளம் பொரித்து வடிகட்டி வைத்த பழைய எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பச்சை டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். “இனிமே இதான் மம்மி. ஆலிவ் ஆயில். டாடி ஹார்ட்டுக்கு இதான் நல்லது” என்றாய். எனக்குக் கோபம் இல்லை. நீ தூக்கிப் போட்டவை தூக்கிப் போட வேண்டியவைதான். நீ சொன்னதை எல்லாம் நான் காதில் வாங்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த எண்ணெயில் பெரும்பாலும் நல்ல ஜாதிக் கொழுப்புதான். நெய்யும் டால்டாவும் பாமாயிலும் ஊற்றுகிற இடத்தில் அதை ஊற்றினால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறையும். ரத்தக் குழாய்க்கு நல்லது. அதிகம் சுத்திகரிக்காமல் பழத்திலிருந்து அப்படியே பிழிந்தது என்றால் பழத்தின் சத்தும் அதோடு வரும். எல்லாம் சரி. நான் டாக்டரிடமே கேட்டுவிட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். ஆனாலும் அந்த டின் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நம் வீட்டு ஆண்களுக்கு நெஞ்சுதான் பலவீனம் டேனி. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆலிவ் எண்ணெய் நமக்குப் புதுசா என்ன? உனக்குத்தான் அது சூப்பர்மார்க்கெட் சாமான். எனக்கு அது கோயில் சாமான். தங்கவயலில் நான் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிய காலத்திலேயே எங்கள் வீட்டில் ஒலிவ எண்ணெய் இருந்தது, விரல் உயரக் குப்பியில், போதகர் ஜெபித்துக் கொடுத்தது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் ஒரு பொட்டு. அதைக் குழம்பில் ஊற்றலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் அம்மா காதைத் திருகியிருப்பாள். நீ அந்த டின்னை வைத்துவிட்டுப் போன மறுநாள், ஜெபக் கூட்டத்து லில்லி அக்கா வந்தவர், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “என்னடி, இவ்ளோ எண்ணெய்க்கும் ஜெபம் பண்ணணும்னா நாம ராத்திரி பூரா முட்டி போடணுமே” என்றார். போகும்போது ஒரு குப்பியில் ஊற்றி வாங்கிக்கொண்டும் போய்விட்டார். உன் எண்ணெய் இப்போது தெருவில் நாலு பேர் நெற்றியில் இருக்கிறது.

அன்றைக்கு நான் அதில் வஞ்சிர மீன் பொரித்தேன். நீ சொன்னபடி செய்ய வேண்டும் என்றுதான். கல்லில் ஊற்றி, பெரிய தீ வைத்து, புகை கிளம்பி, வீடெல்லாம் ஒரு வாசனை. புளிக்குழம்புக்கும் அதிலேயே தாளித்தேன். உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “குழம்பு நல்லாதான் கீது. ஆனா வாயில வெச்சா ஜெபத்துக்கு மாதிரி கண்ண மூடிக்கணும் போல கீது” என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் நான் கடைசியாகச் சிரித்தது. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல அவருடைய மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“வேணாம்” என்றார்.

“என்ன வேணாம்?”

“பையன் சொல்லிட்டுப் போனான்ல. எண்ணெய் போதும்னு. நேத்தே நிறுத்திட்டேன்.”

“அவன் எப்ப அப்பிடிச் சொன்னான்?” என்று கேட்டேன். நீயும் அவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதாம். நீ உன்னைப் பற்றித்தான் சொன்னாயாம். அவர் தனக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். “படிச்சவன், தெரியாமலா சொல்வான்?” என்கிறார். மாத்திரை என்றாலே முகம் சுளிக்கிற மனிதர். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளிலிருந்து, வாயில் போட்டுக்கொண்டாரா, நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பினாரா என்று நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மனிதர். அவருக்குப் பெற்ற பிள்ளையே வந்து விடுதலை கொடுத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி இருந்தார்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று நீ வீட்டில் இல்லை. காலேஜ் டூர் போயிருந்தாய். உன்னிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னோம், அதுவும் பாதிதான் சொன்னோம். அதனால் அந்த நாள் உனக்கு ஒரு கதை, எனக்கு அப்படி இல்லை. ஆடுகோடி லேத் பட்டறையிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. “காஸு, ஓம வாட்டர் குடு” என்று என் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே கட்டிலில் சாய்ந்தார். தாடை வலிக்கிறது என்றார். நான் பல் வலி என்று நினைத்தேன். லில்லி அக்கா குப்பியோடு ஓடி வந்தார். நெற்றியில் வைத்தார், நெஞ்சில் தடவினார், கண்ணை மூடினார், நான் ஆமென் சொல்லக் காத்திருந்தேன். அவர் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து ஒரு அதட்டல் போட்டார்: “எண்ணெய் வெச்சாச்சு. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. மிச்ச ஜெபத்த ஆட்டோல பண்ணிக்கலாம்!” அப்படியேதான் நடந்தது. ஆட்டோவில் ஒரு பக்கம் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன், இன்னொரு பக்கம் லில்லி அக்கா ஜெபித்துக்கொண்டே, நடு நடுவில் டிரைவரிடம் கன்னடத்தில் “பேக ஹோகப்பா, பேக” என்று அவசரப்படுத்திக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நீ குழந்தையாக இருந்தபோது உனக்குக் காய்ச்சல் வராத மாதம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் உன் நெற்றியில் நான் எண்ணெய் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் மாத்திரையை நசுக்கித் தேனில் குழைத்து உன் வாயிலும் ஊற்றினேன். நெற்றியில் எண்ணெய், வாயில் மாத்திரை. இரண்டில் எதையும் நான் விட்டதில்லை. ஆண்டவர் பேர் சொல்லி ஜெபித்துக் கொடுத்த எண்ணெயையே நான் மாத்திரைக்குப் பதிலாக வைக்கவில்லை டேனி. நீ கடையில் பில் போட்டு வாங்கிய எண்ணெயை வைக்கிறாயே, உன் விசுவாசம் என்னுடையதைவிடப் பெரிதா?

மீன் பொரித்த மறுநாள் காலையில் அப்பாவையும் அந்த டின்னையும் சேர்த்தே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டின்னை ஏன் கொண்டு போனேன் என்று கேட்காதே, எனக்கு அப்போது அதுதான் தோன்றியது. அந்த டாக்டர் அம்மா கன்னடக்காரர், தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆயில் ஒள்ளேதே அம்மா. பையன் நல்லதுதான் வாங்கிக் குடுத்திருக்கான். ஆனா மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னாங்க?” என்றார். உன் அப்பா கூரையைப் பார்த்தார். ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த மனிதர் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரையைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். எண்ணெயைப் பற்றி நிதானமாகச் சொன்னார். அது மருந்து இல்லை, சாப்பாடு. கெட்ட கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால்தான் பலன். வழக்கமான எல்லாவற்றையும் தின்றுவிட்டு அதற்கு மேல் ஒரு கரண்டி குடித்தால் உடம்புதான் ஏறும், இதுவும் கொழுப்புதானே. காய்கறி, பயறு, மீன் எல்லாம் கூட இருக்க வேண்டும், நடக்க வேண்டும். புகை வரக் காய்ச்ச வேண்டாம், மிதமான தீயில் தாளிக்கலாம், வெள்ளரிக்காய், சுண்டல் மேல் பச்சையாக ஊற்றிக்கொள்ளலாம். அது வாங்க முடியாதவர்கள் கடலை எண்ணெயை அளவோடு ஊற்றிக்கொண்டாலும் குடி முழுகிப் போகாது. “டயட் ஒரு கால், மாத்திரை ஒரு கால். இவருக்கு ரெண்டும் வேணும்” என்றார்.

நான் வெளியே வந்தவள், அப்பாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனேன். பேர் சொல்லாமல் கேட்டேன். “டாக்டர், எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன். சின்ன வயசு. கெட்ட கொழுப்பு ரொம்ப அதிகம்னு மாத்திரை குடுத்திருக்காங்க. அவனும் எண்ணெயக் குடிச்சிட்டு நிறுத்திட்டான்.” அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அவங்க அப்பாக்கு ஹார்ட் பிராப்ளம் உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். “தாத்தாக்கு?” உன் அப்பாவைப் பெற்ற தாத்தா, தங்கவயலில் சுரங்க ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் களைப்பாக இருக்கிறது என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர். எழுந்திருக்கவில்லை. சுரங்கத் தூசிதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். நான் வெளியே பெஞ்சில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “உங்க மகனா?” என்றார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன் டேனி, கார்மெண்ட்ஸ் பாக்டரியில் சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னால் திட்டியபோதுகூட அழாதவள். இந்த மாதிரி குடும்பத்தில் வருகிற கொழுப்பு, சிலருக்கு நாக்கைக் கட்டினால் மட்டும் இறங்காதாம். “அவர இன்னைக்கே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க. மாத்திரையால ஏதாவது தொந்தரவு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லட்டும், மாத்திக் குடுப்பாங்க. நிறுத்தறது மட்டும் பேடா, வேணாம்” என்றார்.

எஸ்தரின் குரல் இந்த இடத்தில் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ எழுந்திருப்பாய். உட்கார்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் ஆபீஸில் உடம்புப் பரிசோதனை செய்து, டாக்டர் உன்னைக் கூப்பிட்டு எச்சரித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீ முதலில் என்னிடம் வந்தாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீயும் ஒரு துணியை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாய். “எஸ்தர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க மம்மி. அவங்க வீட்ல, நோயாளிப் பையனுக்குப் பொண்ணக் குடுத்துட்டோம்னு பேசுவாங்க.” நான் சரி என்றேன். நீ மாத்திரை போட்டுக்கொள்கிறாய் என்ற தைரியத்தில்தான் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, மாத்திரை போட்டால் கால் வலிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன், ஒரு வீடியோவில் யாரோ காலையில் வெறும் வயிற்றில் எண்ணெய் குடித்தால் போதும் என்கிறார் என்று அப்பாவிடம் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அந்தக் கால் வலியை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லவில்லை. வீடியோக்காரருக்கு உன் தாத்தாவைத் தெரியுமா? அவர் உன் அப்பாவோடு ஆட்டோவில் வந்தாரா?

உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதே. கோபம் இருந்திருந்தால் போனிலேயே திட்டித் தீர்த்திருப்பேன். இது பயம். பகலில் ஒன்றும் தெரிவதில்லை. சோறு வடிக்கிறேன், ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன், குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குக் காத்திருக்கிறேன். திடீரென்று போன் அடித்து, அதில் உன் பேர் இல்லாமல் எஸ்தர் பேர் இருந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி எடுக்கிறேன். அவள் பாவம், ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள். நான் ‘டேனி நல்லா இருக்கானா’ என்றுதான் முதலில் கேட்கிறேன். ‘ஏன் அத்தை எப்பவும் இதையே கேக்குறீங்க’ என்று ஒரு நாள் சிரித்தாள். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் புளியைப் பற்றிப் பேசினேன். அப்பாவுக்கு அன்று தாடை வலித்தபோது அவர் பக்கத்தில் நான் இருந்தேன். எனக்குத் தெரியாமல் இருந்தாலும், பக்கத்தில் இருந்தேன். உனக்கு ஏதாவது என்றால் பக்கத்தில் இருக்கப் போகிறவள் எஸ்தர்தான். அவளிடம் ஒன்றுமே சொல்லாமல் வைத்திருப்பது என்ன நியாயம்? உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறுகிறேன். தெரிந்தேதான் மீறுகிறேன். நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும்.

எஸ்தர், அவன் இந்நேரம் காகிதத்தைப் பிடுங்கப் பார்ப்பான். கொடுக்காதே. உன்னை ஏமாற்ற வேண்டும் என்று அவன் மறைக்கவில்லை, உன் முன்னால் குறைந்துவிடுவோமோ என்ற பயத்தில் மறைத்துவிட்டான். அவன்மேல் கோபம் வந்தால் தாராளமாகக் கோபித்துக்கொள், என்மேலும் கோபித்துக்கொள். ஆனால் சாப்பாடு போட்டுவிட்டுக் கோபித்துக்கொள். அந்த எண்ணெயை நிறுத்த வேண்டாம். சுண்டலிலும் காயிலும் ஊற்று, நல்ல எண்ணெய்தான். நெய்யையும் பேக்கரி பப்ஸையும் கொஞ்சம் தள்ளி வை. சனிக்கிழமை அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, கால் வலியைச் சொல்லச் சொல், அவன் சொல்லாவிட்டால் நீ சொல். நானும் வருகிறேன், வேண்டாம் என்றால் வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

டேனி, எதிரில் உன் அப்பா உட்கார்ந்திருப்பார். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சட்டைப் பையில் அவருடைய மாத்திரை இருக்கிறது. டாக்டரிடம் போய் வந்ததிலிருந்து என் எதிரில் போட்டுக்கொள்கிறார், இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் உன் முன்னால்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ‘அவன் போட்டாதான் நானும் போடுவேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பிடிவாதத்தில் நீ யாரைப் போல என்று இப்போது தெரிகிறதா? உன்னுடைய மாத்திரை, எஸ்தர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன் என்று நீ சொன்ன அந்த லேப்டாப் பையில், முன் பக்கத்து ஜிப்புக்குள் இருக்கிறது. எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்.

எஸ்தர், ரெண்டு டம்ளர் தண்ணீர் கொண்டு வாம்மா.